காத்து என்று சொன்ன வாய்

என் வீட்டுக்காரர் சடையப்பனைப் பற்றிக் கடலூர் திருப்பாப்புலியூரில் யாரைக் கேட்டாலும் இரண்டு விஷயம் சொல்வார்கள். ஒன்று, ஏசி வேலையில் கை சுத்தமான ஆள். இரண்டு, மச்சானைக் கொன்ற ஆள். இரண்டாவதை என் எதிரில் சொல்ல மாட்டார்கள், என் வாய்க்கு அவ்வளவு பயம். நான் விருத்தாசலத்துக்காரி, கொளஞ்சியம்மாள் என்று பேர். வாயாடி என்பது பிறந்த வீட்டிலேயே வாங்கிய பட்டம். குழாயடியில் ஒரு குடத்துக்காக நாள் முழுக்க நின்று சண்டை போட்டிருக்கிறேன். ஆனால் அந்த இரண்டாவது பேச்சுக்கு மட்டும் நான் ஒருத்தரிடமும் சண்டைக்குப் போனதில்லை. ஏன் போகவில்லை என்பதைத்தான் சொல்ல வந்தேன்.

அவர் ஐ.டி.ஐ. படித்தவர். சென்னையில் ஒரு கம்பெனியில் ஆறு வருஷம் ஏசி மாட்டிக்கொண்டிருந்துவிட்டு, 2004இல் ஊருக்குத் திரும்பி மஞ்சக்குப்பத்தில் சின்னதாக ஒரு கடை போட்டார். அப்போதெல்லாம் இங்கே வீட்டில் ஏசி வைத்திருந்தவர்களை விரல்விட்டு எண்ணலாம். டாக்டர், வக்கீல், சிப்காட் கம்பெனி ஆபீசர்கள், அவ்வளவுதான். வேலை இருந்தால் ஏசி, இல்லாவிட்டால் ஃபிரிட்ஜ்.

எந்த வேலையையும் அவசரமாகச் செய்ய மாட்டார். செம்புக் குழாயின் வாயை விரித்துப் பொருத்தி நட்டை முறுக்கியதும் மற்ற மெக்கானிக்குகள் கேஸைத் திறந்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். இவர் கிளம்ப மாட்டார். முதலில் ஒரு சிலிண்டரிலிருந்து குழாய்க்குள் நைட்ரஜன் ஏற்றுவார். அழுத்தம் காட்டுகிற கேஜில் முள் எங்கே நிற்கிறது என்று பார்த்து, மணியோடு சேர்த்துச் சுவரில் பென்சிலால் குறிப்பார். இணைப்பு இருக்கிற இடத்திலெல்லாம் சோப்பு நுரையைத் தடவிவிட்டுக் குந்தி உட்கார்ந்துவிடுவார். நுரை முட்டை விட்டால் அங்கே கசிகிறது என்று அர்த்தம். முட்டை விடாவிட்டாலும் எழுந்திருக்க மாட்டார், முள் இறங்காமல் நிற்க வேண்டும். இந்த ஆள் வேலை செய்ய வந்தாரா தவம் செய்ய வந்தாரா என்று ஒரு வக்கீல் வீட்டம்மா என்னிடமே கேட்டிருக்கிறாள். தவம்தான், உங்கள் வீட்டு ஏசிக்கு வரம் வாங்கித் தருகிறார் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

எனக்குப் படிப்பு ஐந்தாம் வகுப்போடு நின்றது. கல்யாணமான புதிதில் ஒருநாள், அந்தச் சிலிண்டருக்குள் என்னதான் இருக்கிறது என்று அவரைக் கேட்டேன்.

"அது ஒண்ணுமில்ல கொளஞ்சி, காத்துதான்," என்றார். "நாம இழுக்கற மூச்சுல முக்காவாசிக்கு மேல அதுதான். எண்ணெயோட சேத்தாலும் சண்டைக்குப் போவாது, நெருப்போட சேத்தாலும் போவாது. சாது."

பேரைச் சொல்லிப் பார் என்றார். எனக்கு வாயில் நுழையவில்லை. நைட்டு ரசம் என்று சொன்னேன். அவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அவர் அப்படிச் சிரிக்கிற ஆளாகத்தான் இருந்தார். அதன் பிறகு எங்கள் வீட்டில் அதற்குக் காத்து என்றே பேர் ஆகிவிட்டது. காத்து தீர்ந்துவிட்டது, காத்து வாங்கப் போகிறேன் என்றுதான் அவரும் என்னிடம் சொல்வார்.

என் தம்பி சிங்காரம் எங்களுக்கு இரண்டு தெரு தள்ளிக் குடியிருந்தான். லோடு ஆட்டோ வைத்திருந்தான். பத்தாவது பாஸ், வீட்டிலேயே படித்தவன் அவன் ஒருத்தன்தான். அவன் பெண்டாட்டி வெண்மதி, ஒரு வயசுக் குழந்தை அனுப்பிரியா. அப்பா அம்மா போன பிறகு எனக்குப் பிறந்த வீடு என்று இருந்தது அந்த மூன்று பேர்தான். ஆட்டோவுக்குச் சவாரி இல்லாத நாளில் அவன் மாமாவோடு வேலைக்குப் போய்ச் சாமான் தூக்கிக் கொடுப்பான்.

2006, ஆடி மாதம், ஒரு புதன்கிழமை. சிப்காட் பக்கத்தில் ஒரு கம்பெனியின் குடியிருப்பில் பழைய ஏசி ஒன்றில் கேஸ் முழுக்கப் போய்விட்டது. எங்கே ஒழுகுகிறது என்று பார்க்க நைட்ரஜன் ஏற்ற வேண்டும், கொண்டுபோன சிலிண்டர் பாதியிலேயே தீர்ந்துவிட்டது. சிங்காரத்திடம் அப்போது செல்போன் கிடையாது. அதனால் தன் செல்லிலிருந்து எங்கள் வீட்டுப் போனுக்கு அடித்தார். நான் இட்லிக்கு மாவு அரைத்துக்கொண்டிருந்தேன். கிரைண்டரை நிறுத்தாமலே போனை எடுத்தேன். அவர் நிதானமாகத்தான் சொன்னார். நைட்ரஜன் என்று சொன்னார். எப்போதும் வாங்குகிற ஏஜென்சியின் பேரைச் சொன்னார். சிலிண்டர் சாம்பல் நிறம், கழுத்து கறுப்பு, பார்த்து வாங்கச் சொல் என்றார். சரி சரி என்று வைத்துவிட்டேன்.

பக்கத்துவீட்டுப் பையனை விட்டுத் தம்பியைக் கூப்பிட்டனுப்பினேன். கொஞ்ச நேரத்தில் சிங்காரம் வாசலில் ஆட்டோவை நிறுத்திவிட்டு, மாமா என்னக்கா கேட்டார் என்றான். எனக்கு அந்தப் பேர் வாயில் வரவில்லை. நைட்டு ரசம் என்று சொல்ல முடியுமா? பத்தாவது படித்த தம்பி, பக்கத்துவீட்டுக்காரி வேறு துணி காயப்போட்டுக்கொண்டு நிற்கிறாள். கையில் மாவோடு நின்றபடி சொன்னேன்.

"காத்து தீந்துபோச்சாம்டா. ஒரு காத்து சிலிண்டர் எடுத்துக்கிட்டு வரச் சொன்னாரு."

அவன் வெல்டிங் பட்டறைக்குப் போனான். பட்டறைக்காரர்கள் இரண்டு சிலிண்டர் வைத்திருப்பார்கள். ஒன்றைக் கேஸ் என்பார்கள், இன்னொன்றைக் காத்து என்பார்கள். அவர்களுடைய காத்து ஆக்ஸிஜன். அவன் காத்து கேட்டான், காத்து கொடுத்தார்கள். ஒருத்தரும் பொய் சொல்லவில்லை.

பழைய சிலிண்டர், பெயிண்ட் உரிந்து துரு பிடித்துக் கிடந்தது. கழுத்தின் நிறம் தெரியவில்லை. முறுக்குகிற மரை ஆக்ஸிஜனுக்கும் நைட்ரஜனுக்கும் ஒன்றுபோலத்தான், கேஜ் ஒழுங்காக ஏறிவிட்டது. என் வீட்டுக்காரர் மாடி அறைக்குள் நுரை தடவிக்கொண்டிருந்தார். சிங்காரம் கீழே வெளி யூனிட் பக்கம் நின்றான். மற்ற நாளில் சிலிண்டரைக் கண்ணால் பார்க்காமல் இவர் திறக்க விட்டதே இல்லை. அன்றைக்கு ஆபீசர் வீட்டில் அவசரப்படுத்தினார்கள். ஜன்னல் வழியாகச் சிலிண்டரத் தொற மச்சான் என்று குரல் கொடுத்தார். கம்ப்ரஸருக்குள் எண்ணெய் இருக்கும். எண்ணெயும் ஆக்ஸிஜனும் அழுத்தத்தில் சேர்ந்தால் வெடிகுண்டுதான். பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதற்குள் என் தம்பி போய்விட்டான்.

போலீஸ் வந்து விசாரித்து, விபத்து என்று எழுதி முடித்தது. சொந்தக்காரர்கள் கூடி விசாரித்தார்கள். காத்து என்று யார் சொன்னது என்பதில்தான் எல்லாம் வந்து நின்றது. இவர் எல்லார் எதிரிலும் எழுந்து, நான்தான் காத்து என்று சொல்லியனுப்பினேன், தப்பு என்னுடையது என்றார். நான் கூடத்தில் வெண்மதியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வாயைத் திறந்தேன். இவர் என்னைப் பார்த்த பார்வையில் மூடிக்கொண்டேன். அப்புறம் சமையற்கட்டில் வைத்து ஒரே ஒரு தடவை சொன்னார்.

"நீ வாயத் தொறக்காத. பொறந்த வூடுன்னு உனக்கு மிச்சம் இருக்கறது வெண்மதியும் அந்தக் கொழந்தையுந்தான். அதையும் வுட்டுட்டு நிக்காத. காத்துன்னு உனக்குச் சொல்லிக் குடுத்ததே நான்தான்."

பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்று சொல்வார்கள். எங்கள் வீட்டில் இரண்டும் ஒரே கட்டிலில்தான் படுத்தது.

எனக்கு அழுகை வரவில்லை. சத்தியமாகச் சொல்கிறேன், பிணத்தை எடுக்கும்போதுகூட மற்றவர்களுக்காகத்தான் சத்தம் போட்டேன். பல் பிடுங்க ஊசி போட்ட தாடை மாதிரி உடம்பு முழுக்க இருந்தது. நாலு நாளில் தெளியும் என்று நினைத்தேன், தெளியவே இல்லை. காலையில் எழுந்திருப்பேன், கோலம் போடுவேன், மாவு அரைப்பேன். தம்பி பேரைச் சொன்னால் யாரோ ஒருத்தர் பேர் மாதிரிக் காதில் விழும். அதை நினைத்துத்தான் பயமாக இருந்தது.

அவர் இன்னும் மோசம். பிடித்து வைத்த பிள்ளையார் மாதிரி உட்கார்ந்திருப்பார். சோறு போட்டால் சாப்பிடுவார். உப்பில்லை என்றால் சொல்ல மாட்டார், ஜாஸ்தி என்றாலும் சொல்ல மாட்டார். வேண்டுமென்றே ஒருநாள் உப்பே போடாமல் குழம்பு வைத்தேன், அப்போதாவது திட்டட்டும் என்று. தட்டை வழித்துச் சாப்பிட்டுவிட்டுக் கை கழுவினார். எனக்கு வந்த கோபத்துக்கு அந்தச் சட்டியைத் தூக்கி முற்றத்தில் போட்டு உடைத்தேன். அதையும் அவரே பொறுக்கி எடுத்து வெளியே போட்டார். அதன் பிறகு ஆறு வருஷம், பசிக்கிறது என்று அந்த மனுஷன் வாயிலிருந்து வரவே இல்லை.

கடையை மூடவில்லை. ஆனால் நைட்ரஜன் சிலிண்டரைத் தொடுவதை விட்டுவிட்டார். ஏசி மாட்டினால் வேக்குவம் பம்ப்பைப் போட்டுக் குழாயிலிருக்கிற காற்றை உறிஞ்சிவிட்டு, முள் நிற்கிறதா என்று பார்ப்பதோடு சரி. அது பாதிப் பரீட்சைதான், அவருக்கே தெரியும். நுணுக்கமான ஒழுகல் அதில் தப்பிவிடும். ஒன்றிரண்டு இடத்தில் தப்பியது, புகார் வந்தது. கூட வேலை செய்ய ஆள் வைத்துக்கொள்ளவும் மாட்டேன் என்றுவிட்டார். ஏணியைப் பிடிக்கக்கூட ஆளில்லாமல் எப்படி வேலை நடக்கும்? 2009இலிருந்து நானே புடவையைச் செருகிக்கொண்டு கூடப் போக ஆரம்பித்தேன். ஏசிக்காரன் பெண்டாட்டி ஏணி பிடிக்கிறாள் என்று தெரு சிரித்தது. சிரிக்கிறவர்கள் வந்து பிடியுங்களேன் என்றேன், யாரும் வரவில்லை.

வெண்மதியைச் சொல்ல வேண்டும். கெட்டிக்காரி. குழந்தையைத் தன் அம்மாவிடம் விட்டுவிட்டு நர்ஸ் படிப்பு படித்தாள். சிதம்பரத்தில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்து அங்கேயே குடிபோனாள். அவரை அண்ணா என்று வாய் நிறையக் கூப்பிட்டவள், அதன் பிறகு அந்த ஆள் என்றுதான் சொன்னாள். அவர் முகத்தில் விழிக்க மாட்டாள். ஆனால் என்னிடம் உயிராக இருந்தாள். அவர் சாமான் வாங்கச் சென்னைக்குப் போகிற நாளாகப் பார்த்துக் குழந்தையோடு வருவாள். அண்ணி அண்ணி என்று பின்னாலேயே சுற்றுவாள். நான் அனுப்பிரியாவுக்குத் தலை சீவிப் பின்னலிடுவேன். அப்படி ஒரு ஆளோடு எப்படித்தான் குடித்தனம் பண்றீங்களோ அண்ணி என்று அவள் கண் கலங்கும். நான் பின்னலை இறுக்குவேன். ஆறு வருஷம் அவர் சுமந்த பழியை நான் உட்கார்ந்து தின்றேன் என்றால் அது அந்த நாட்களில்தான்.

2011 கடைசியில் தானே புயல் வந்தது. கடலூரில் மாடியில் வைத்திருந்த வெளி யூனிட்டுகள் பாதி கீழே கிடந்தன. கரண்ட் வந்த பிறகு தை மாதம் முழுக்க வேலை ஓயவில்லை. அந்தச் சமயத்தில்தான் சிதம்பரத்திலிருந்து முஹம்மது யூசுப் பாய் வந்தார். குவைத்தில் இருபது வருஷம் கட்டடப் பராமரிப்பு வேலை பார்த்துவிட்டு ஊரோடு வந்து தங்கியவர். அவர் மகள் அல்மாஸுக்கு எட்டாம் மாதத்திலேயே குழந்தை பிறந்துவிட்டது. ஆஸ்பத்திரியில் கண்ணாடிப் பெட்டியில் இருக்கிறது, இன்னும் ஒரு வாரத்தில் வீட்டுக்கு அனுப்புவார்கள், அறை கதகதப்பாக இருக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். தைப் பனியில் பாய் வீட்டுப் பின்னறை சில்லிட்டுப்போகும். அதனால் குளிரும் சூடும் இரண்டும் தருகிற ஏசி ஒன்றைச் சென்னையில் வாங்கி வந்துவிட்டார். குவைத்தில் எல்லார் வீட்டிலும் அதுதானாம். நம் ஊர் வெயிலில் சூடு தருவதற்கும் ஒரு மிஷினா என்று நான் சிரித்தேன். பாயும் சிரித்தார்.

பிறகு அவர் என் வீட்டுக்காரரிடம் விஷயத்துக்கு வந்தார். பிஞ்சுக் குழந்தை மூடிய அறையில் கிடக்கப்போகிறது. துளி ஒழுகல் இருக்கக் கூடாது. நைட்ரஜன் ஏற்றி, ஒரு நாள் முழுக்க வைத்து, முள்ளை என் கண்ணால் பார்த்த பிறகுதான் கேஸைத் திறக்க விடுவேன். அப்படிச் செய்வீர்களா என்று கேட்டார். இவர் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். செய்வார் பாய், அவரை விட்டால் அதைச் செய்ய இந்த ஜில்லாவிலேயே ஆள் இல்லை என்று என் வாய்தான் முந்திக்கொண்டது.

சிலிண்டர் வாங்க இரண்டு பேருமே போனோம். ஏஜென்சியில் அவர் சிலிண்டரைச் சுற்றிச் சுற்றி வந்தார். சாம்பல் உடம்பு, கறுப்புக் கழுத்து. ஒட்டியிருந்த சீட்டை இரண்டு தடவை படித்தார். பிறகு என்னைப் பார்த்து, இது என்ன என்று கேட்டார். நைட்ரஜன் என்றேன். ஆறு வருஷமாக ஒருத்தருக்கும் தெரியாமல் சொல்லிச் சொல்லிப் பழகி வைத்திருந்தேன். அவர் பணத்தை எடுத்துக் கொடுத்தார்.

சிதம்பரத்தில் பள்ளிவாசலுக்குப் பின்னால் பாய் வீடு. அறைக்குள் உள் யூனிட்டும் பின்கட்டில் வெளி யூனிட்டும் மாட்டி, குழாய் இழுத்து, நட்டு முறுக்க ஒரு நாள் ஆனது. சாதா ஏசியில் மெல்லிய குழாயில்தான் அழுத்தம் ஜாஸ்தி இருக்கும், இதில் சூடு போடும்போது தடித்த குழாயிலும் ஏறும், இரண்டும் தாங்க வேண்டும் என்று தனக்குத்தானே பேசுவதுபோலச் சொன்னார். இரண்டு குழாய்க்கும் தனித்தனியாக உறை போட்டார். இணைப்புகளை மட்டும் மூடாமல் விட்டார்.

மறுநாள் காலை சிலிண்டரை நிமிர்த்திச் சங்கிலியால் தூணோடு கட்டினார். அழுத்தத்தைக் குறைத்து அனுப்புகிற ரெகுலேட்டரை மாட்டினார். வெளி யூனிட்டின் வால்வுகள் மூடியிருக்கின்றனவா என்று தொட்டுப் பார்த்தார். எல்லாம் சரி. சிலிண்டர் சாவியைப் பிடித்தபடி நின்றார். கால் மணி நேரம் அப்படியே நின்றார். காதோரம் வேர்வை வழிந்தது. நான் திறக்கட்டுமா என்று கேட்டேன்.

"நீ செவுத்துக்கு அந்தாண்ட போய் நில்லு," என்றார்.

போகவில்லை. இரண்டடி தள்ளி நின்றேன். அவர் ஒதுங்கி நின்று, சாவியை மெதுவாக, கால் சுற்றுக்கும் குறைவாகத் திருப்பினார். உஸ் என்று ஒரு சத்தம். முள் எழுந்தது. ஐம்பதில் நிறுத்திக் காது கொடுத்துக் கேட்டார். நூற்றைம்பதில் நிறுத்தி நுரை தடவினார். முந்நூற்றைம்பதுக்குக் கொண்டுபோய் மூடினார். ஒவ்வொரு இணைப்பிலும் நுரை வெள்ளையாக ஒட்டிக்கொண்டு கிடந்தது, ஒரு முட்டைகூட விடவில்லை. பென்சிலை எடுத்துச் சுவரில் மணி எழுதினார். எழுதிவிட்டுக் குந்தி உட்கார்ந்தார்.

"கொளஞ்சி, பசிக்குது," என்றார்.

நான் டிபன் டப்பாவைத் தேடுகிற சாக்கில் திரும்பிக்கொண்டேன். பாய் வீட்டம்மா மலிகா கொண்டுவந்து வைத்த இடியாப்பத்தை அவர் மூன்று தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

பதினோரு மணி இருக்கும், வாசலில் வண்டிச் சத்தம் கேட்டது. வெண்மதி. குழந்தை பிறந்திருந்தது அவள் வேலை பார்க்கிற ஆஸ்பத்திரியில்தான். அல்மாஸைப் பார்க்கப் போன பாய், கடலூர் சடையப்பன் வந்து ஏசி மாட்டுகிறார் என்று அங்கே பேச்சோடு பேச்சாகச் சொல்லியிருக்கிறார். பேரைக் கேட்டதும் லீவு சொல்லிவிட்டு வந்துவிட்டாள். நர்ஸ் உடுப்போடு கூடத்தில் நின்று மலிகாவிடம் அவள் பேசியது பின்கட்டு வரைக்கும் கேட்டது. இந்த ஆள் காத்து அடித்துத்தான் என் வீட்டுக்காரர் செத்தார், குழந்தை வரப்போகிற வீட்டுக்குள் இவரை விடாதீர்கள் என்றாள். சத்தம் போடவில்லை. நோயாளிக்கு மருந்து சொல்கிற மாதிரிச் சொன்னாள்.

பாய் பின்கட்டுக்கு வந்தார். அவர் பின்னாலேயே வெண்மதியும் வந்தாள். என்னை அங்கே பார்ப்பாள் என்று அவள் எதிர்பார்க்கவில்லை, ஏணி பிடிக்கப் போவதை நான் அவளிடம் சொன்னதில்லை. பாய் என் வீட்டுக்காரரிடம் நேராகவே கேட்டார்.

"மேஸ்திரி, அந்தப் பொண்ணு சொல்றது நெசமா?"

"நெசந்தான் பாய். என் தப்புதான்," என்றார் இவர்.

மனப்பாடமான பதில். ஆறு வருஷத்தில் எத்தனை பேருக்குச் சொல்லியிருப்பாரோ. சொல்லிவிட்டு எழுந்து, ஏற்றிய நைட்ரஜனை வெளியே விட ரப்பர் குழாயின் நட்டில் ஸ்பேனரைப் போட்டார். முள் இறங்கினால் வேலை அதோடு முடிந்தது, சாமானைக் கட்டிக்கொண்டு போக வேண்டியதுதான். அவர் முகத்தைப் பார்த்தேன். அரை மணிக்கு முன்னால் பசிக்கிறது என்று சொன்ன முகம் இல்லை, மறுபடியும் அந்தப் பிள்ளையார். ஸ்பேனர் மேல் கையை வைத்து அழுத்தினேன்.

"வுடுங்க அத," என்றேன். வேண்டாம் கொளஞ்சி என்றார் அவர். நான் கேட்கவில்லை.

"வெண்மதி, அவரு போன்ல நைட்ரஜன்னுதான் சொன்னாரு. ஏஜென்சி பேரு, சிலிண்டரு நெறம் எல்லாஞ் சொன்னாரு. உன் வூட்டுக்காரன்கிட்ட காத்துன்னு சொன்னது நான். இவரு எனக்காகப் பொய் சொல்லிக்கிட்டு இருக்காரு."

காத்து என்று அவளுக்குச் சொல்லிக் கொடுத்தவனே நான்தானம்மா என்று இவர் குறுக்கே வந்தார். வெண்மதி அதைக் காதில் வாங்கினாளா என்று தெரியவில்லை. என்னையே பார்த்தாள். அவள் அழுவாள், என் மேல் மண்ணை வாரித் தூற்றுவாள் என்று நினைத்தேன். ஒரு கேள்விதான் கேட்டாள்.

"பேரு மறந்துபோச்சா, இல்ல வாயில வரலையா?"

"வாயில வரல."

"அத அவருகிட்ட சொல்லியிருக்கலாமே. எனக்குச் சொல்ல வரலடா, நீயே போன் பண்ணிக் கேட்டுக்கன்னு. நம்பர் அடிச்சுக் கேட்டிருப்பாரே."

"வெக்கமா இருந்துச்சு," என்றேன்.

"வெக்கம்," என்றாள்.

அவ்வளவுதான். வேறு ஏதாவது காரணம் இருக்கும் என்று நானும் ஆறு வருஷம் தேடிப் பார்த்திருக்கிறேன். அவசரம், கிரைண்டர் சத்தம், பட்டறைக்காரன் கேட்டிருக்கலாம், இவர் கீழே இறங்கி வந்து பார்த்திருக்கலாம். எல்லாவற்றையும் தள்ளிவிட்டுப் பார்த்தால் அடியில் கிடப்பது அது ஒன்றுதான். பக்கத்துவீட்டுக்காரி சிரிப்பாளே என்கிற வெட்கம்.

வெண்மதி பாய் பக்கம் திரும்பினாள். இவரை அனுப்ப வேண்டாம், நான் தெரியாமல் பேசிவிட்டேன் என்றாள். பிறகு என் வீட்டுக்காரரிடம், பாத்து செய்யுங்கண்ணா, கொழந்த ஒண்ணே முக்கா கிலோதான் இருக்குது என்றாள். என்னைத் தாண்டித்தான் வாசலுக்குப் போக வேண்டும். உடுப்புகூட என் மேல் படாமல் ஒதுங்கிப் போனாள்.

மறுநாள் காலையில் முள் ஒரு கோடு இறங்கியிருந்தது. பாய் பதறினார். இது ஒழுகல் இல்லை, ராத்திரிப் பனிக்குச் சுருங்கியிருக்கிறது, நேற்று குறித்த மணி வரைக்கும் பொறுங்கள் என்று இவர் சொன்னார். வெயில் ஏற ஏற முள்ளும் ஏறி, பதினோரு மணிக்குள் பழைய இடத்துக்கு வந்து நின்றது. நைட்ரஜனை வெளியே விட்டு, வேக்குவம் போட்டு, கேஸைத் திறந்தார். சூடு வைத்துப் பார்த்தார்கள். அந்த அறை அடுப்படி மாதிரிக் கதகதப்பானது. மலிகா என் கையைப் பிடித்துக்கொண்டாள். எனக்கு ஒன்றும் தோன்றவில்லை.

திரும்பி வருகிற பஸ்ஸில், புதுச்சத்திரம் தாண்டும்போது அவர் அழுதார். ஜன்னல் பக்கம் முகத்தை வைத்துக்கொண்டு, தோள் துண்டை வாயில் அடைத்துக்கொண்டு அழுதார். ஏன் சொன்ன, ஏன் சொன்ன என்று கேட்டுக்கொண்டே அழுதார். நான் டிக்கெட்டைச் சுருட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எனக்குத்தான் இன்னும் வரவில்லை.

பத்து நாள் கழித்து அவர் செல்போனுக்கு வெண்மதி அடித்தாள். அவர் பதறி எழுந்து நின்றுகொண்டு பேசினார். சொல்லும்மா, சொல்லும்மா என்றார். பாய் வீட்டுக் குழந்தை இரண்டு கிலோ தாண்டிவிட்டதாம். அனுப்பிரியா ஸ்கூலில் ஆண்டு விழாவாம், ஆடப்போகிறாளாம், அண்ணா அவசியம் வர வேண்டுமாம். வர்றேம்மா, கண்டிப்பா வர்றேம்மா என்றார். அவர் முகத்தில் சிரிப்பு வந்தது. இதோ, உங்க அண்ணி இங்கதான் இருக்கா, ஒரு வார்த்த பேசு என்று சொல்லிவிட்டுப் போனை என்னிடம் நீட்டினார்.

ஈரக்கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வாங்கிக் காதில் வைத்தேன். வைத்துவிட்டிருந்தாள்.

போனைத் திருப்பிக் கொடுத்தேன். அவர் அதைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"சிக்னல் போயிடுச்சு போலருக்குது," என்றார்.

ஆமாம், இந்தப் பக்கம் சிக்னல் சரியில்லை என்றேன்.